லட்சிய சமுதாயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல சமுதாயம் எப்படி இருக்க வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், சில சந்தேகங்கள் தவறாமல் எழும். யாரிடம் பேசினாலும் அவையேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு வெளிப்படையாகத் தெரியும். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே பேசுகின்றன.

1. லட்சிய சமுதாயம்னு எதைச் சொல்றீங்க? குறையே இல்லாத ஒண்ணையா?

இல்லை. குறையே இல்லை என்று அறிவித்துவிட்ட இடத்தில், குறை சொல்பவர்தான் குறையாகத் தெரிவார். அவரை என்ன செய்வது என்ற கேள்வி உடனே வந்துவிடும். அப்படி ஓர் இடத்தை நான் விரும்பவில்லை.

நான் சொல்வது இதுதான்: யாரும் பசியோடும் பயத்தோடும் வாழ வேண்டியிராத சமுதாயம், தவறு நடந்தால் அது வெளியே தெரிந்து, ரத்தம் சிந்தாமல் திருத்தப்படுகிற சமுதாயம். முதல் பாதியை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதி நிலைக்காது என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது. பசி, பிணி, பகை மூன்றும் சேராததே நாடு என்கிறது ஒரு குறள். எதெல்லாம் இருக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்கும் அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. இன்பம் எது என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். பசி எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

2. நடக்கப்போவதே இல்லாத ஒன்றுக்காக ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு என்று பிரிட்டிஷ் ஆலை முதலாளி ராபர்ட் ஓவன் 1817இல் பேசியபோது, ஆலைகளில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேர வேலை சாதாரணம். குழந்தைகளுக்கும் அதே கதிதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் பிறந்ததும் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்புதான். இடைப்பட்ட நூறு ஆண்டில் எத்தனையோ வேலைநிறுத்தங்கள், எத்தனையோ உயிர்ப்பலிகள். ஆனால் போராடியவர்கள் கையில் ஓர் எண் இருந்தது. "எங்களைக் கொஞ்சம் நல்லபடியாக நடத்துங்கள்" என்று கெஞ்சுவது வேறு, "எட்டு மணி" என்று கேட்பது வேறு. அந்த எண்ணை யாரோ ஒருவர் முதலில் மனதில் பார்க்க வேண்டியிருந்தது.

3. சரி, எங்கிருந்து தொடங்குவது? அரசியலில் இருந்தா, பொருளாதாரத்தில் இருந்தா?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் ஒரு வழி சொன்னார். நீங்கள் ஆணாகப் பிறப்பீர்களா பெண்ணாகவா, பணக்கார வீட்டிலா ஏழை வீட்டிலா, உடல் நலத்தோடா குறையோடா என்று எதுவும் தெரியாமல் அந்தச் சமுதாயத்தின் விதிகளை எழுதுங்கள் என்றார். தன் பிள்ளைக்கு எந்த இடம் கிடைக்கும் என்று தெரியாதவர், அடித்தட்டில் இருப்பவரின் நிலையைக் கவனமாகத்தான் எழுதுவார்.

இதோடு இன்னொன்றையும் செய்து பார்க்கச் சொல்வேன். உங்கள் கற்பனைச் சமுதாயத்தில் ஒரே ஒருவரின் ஒரு நாளை எழுதுங்கள். பார்வை இழந்த, உறவினர் யாரும் இல்லாத ஒரு மூதாட்டி என்று வைத்துக்கொள்வோம். காலையில் சாப்பாடு யார் கொடுக்கிறார்? கொடுக்க வேண்டியவர் வரவில்லை என்றால் அந்தம்மா யாரிடம் சொல்வார்? அவரும் காதில் வாங்கவில்லை என்றால்? கேட்காமல் விட்டவருக்கு என்ன நடக்கும், அதை யார் செய்வார்கள்? பெரும்பாலான திட்டங்கள் இரண்டாவது "யார்" வரும்போதே தடுமாறிவிடுகின்றன. அந்த மூதாட்டியின் ஒரு நாளை முழுதாக எழுதி முடித்தால் உங்கள் அரசியலும் பொருளாதாரமும் பாதி தயார்.

4. மனுஷன் மாறாம எதுவும் மாறாது. எல்லாரும் நல்லவங்களா இருந்தா எந்த அமைப்பும் சரிதானே?

நல்லவர்கள் இரண்டு பேருக்கு நடுவிலும் தண்ணீர்ச் சண்டை வரும். இருவர் வயலும் காய்கிறது, கால்வாயில் ஒருவருக்கு மட்டுமே போதுமான தண்ணீர் ஓடுகிறது என்றால், அங்கே கெட்டவர் யாரும் தேவையில்லை.

ஸ்பெயினின் வலென்சியாவில் இதற்காகவே பல நூற்றாண்டுகளாக ஒரு நீர் நீதிமன்றம் இயங்குகிறது. வியாழக்கிழமை நண்பகலில் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில், எட்டுக் கால்வாய்களின் பிரதிநிதிகள் கூடுவார்கள். எட்டுப் பேரும் விவசாயிகள்தான். அந்தந்தக் கால்வாயின் பாசனக்காரர்களே தேர்ந்தெடுத்தவர்கள். வழக்கறிஞர் கிடையாது, எல்லாம் வாய்மொழி விசாரணை. யார் கால்வாயில் தகராறோ அந்தக் கால்வாயின் பிரதிநிதி தீர்ப்பில் சேரமாட்டார். தீர்ப்பு அங்கேயே, அப்போதே. யுனெஸ்கோ 2009இல் இதை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த விவசாயிகள் நம்மைவிட நல்லவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. தன் கால்வாய்க்காரர் பக்கம் மனம் சாயும் என்று தெரிந்துதான் அவரை ஒதுங்கியிருக்கச் சொல்லும் விதியை வைத்திருக்கிறார்கள். மனிதன் மாறட்டும், நல்லதுதான். ஆனால் அவன் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத விதிகளை எழுதுவது நம் வேலை.

5. தனிச்சொத்து இருக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. உடுத்தும் துணி, படுக்கும் வீடு, தொழில் செய்யும் கருவி ஆகியவை ஒருவருக்குச் சொந்தமாக இருப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை; அவை பறிபோகாது என்ற உறுதி இருந்தால்தான் மனிதன் நிமிர்ந்து பேசுவான். ஆறு, காடு, நிலத்தடி நீர், கனிமம் ஆகியவை வேறு வகை. ஒருவர் அவற்றைச் சொந்தமாக்கிக்கொண்டால் மற்றவர்கள் அவரை அண்டித்தான் பிழைக்க வேண்டியிருக்கும்.

பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்பது பழைய வாதம். எலினார் ஆஸ்ட்ரோம் பல நாடுகளின் மேய்ச்சல் நிலங்களையும் பாசனங்களையும் மீன்பிடித் துறைகளையும் ஆராய்ந்து, அது எல்லா இடத்திலும் உண்மையில்லை என்று காட்டினார். அதற்காக 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அவர் எடுத்துக்காட்டும் ஊர்களில் ஒன்று, சுவிட்சர்லாந்து மலையில் உள்ள டோர்பெல். குளிர்காலத்தில் தன் சொந்தத் தீவனத்தால் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அதற்கு மேல் ஒரு மாட்டைக்கூட யாரும் பொது மலைமேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது என்று 1517இலேயே அங்கே விதி எழுதியிருக்கிறார்கள். மாடு தனிச்சொத்து, மலை பொதுச்சொத்து. இரண்டுக்கும் நடுவே எல்லோராலும் எண்ணிச் சரிபார்க்கக்கூடிய ஒரு வரம்பு. வெளியிலிருந்து எந்த அதிகாரியும் வந்து எண்ண வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரரே போதும்.

6. எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்றால் யார் மெனக்கெட்டு உழைப்பார்கள்?

ஒரே சம்பளம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடைவெளிக்கு ஒரு கூரை வேண்டும், அந்தக் கூரையை உழைப்பவர்களே தீர்மானிக்க வேண்டும் என்கிறேன்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மொண்ட்ராகன் என்ற ஊர். அரிஸ்மெந்தியரியெட்டா என்ற பாதிரியார் அங்கே தொடங்கிய தொழிற்பள்ளியில் படித்த இளைஞர்கள் 1956இல் ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலையை ஆரம்பித்தார்கள். அது இன்று பல்லாயிரம் பேர் வேலை செய்யும் கூட்டுறவுக் குழுமம். உறுப்பினருக்கு ஆளுக்கு ஒரு வாக்கு. தொடக்கத்தில் மேல்மட்டச் சம்பளம் கீழ்மட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகவில்லை. பிறகு வரம்பைத் தளர்த்தினார்கள். சோம்பேறித்தனத்தால் அது மூழ்கிவிடவில்லை. அடிபட்டதும் உண்டு: குழுமத்தின் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனமான ஃபாகோர் 2013இல் திவாலானது. அப்போது அதன் உறுப்பினர்களில் பெரும்பகுதியினருக்கு மற்ற கூட்டுறவுகள் இடம் கொடுத்தன. வெளிநாட்டுக் கிளைகளில் வேலை செய்பவர்கள் பலர் உறுப்பினர்களே இல்லை என்ற குறை இன்னும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

7. அதெல்லாம் இருக்கட்டும், சாக்கடையை யார் சுத்தம் செய்வது?

நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கேள்வி இது. ஒரு லட்சியச் சமுதாயத்தை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மோர் 1516இல் வர்ணித்த கற்பனைத் தீவில் எல்லோரும் ஆறு மணி நேரம் மட்டுமே உழைப்பார்கள், பொன்னுக்கு மதிப்பே கிடையாது. படிக்கும்போது மனம் குளிரும். ஆனால் அங்கே அடிமைகள் இருக்கிறார்கள். ஆடுமாடு அறுப்பது போன்ற அருவருப்பான வேலைகள் அவர்கள் தலையில். அவ்வளவு தூரம் யோசித்தவரும் இந்த இடத்துக்கு வந்ததும் பழைய வழிக்கே திரும்பிவிட்டார்.

எட்வர்ட் பெல்லமி என்ற அமெரிக்கர் 1888இல் எழுதிய நாவலில் வேறு வழி காட்டினார்: வேலை எவ்வளவு கடினமோ அவ்வளவுக்கு அதன் நேரத்தைக் குறைத்துவிடுங்கள். ஆள் வராத வேலைக்கு நேரத்தை இன்னும் குறைக்க வேண்டும், ஆட்கள் தாமாக வரும்வரை. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. இன்று நேர்மாறாக நடக்கிறது. யாரும் செய்ய விரும்பாத வேலைக்குக் குறைந்த கூலி. வேறு வழியில்லாத சிலர் எப்போதும் கைவசம் இருப்பதால்தான் இது நடக்கிறது. வேறு வழி இல்லாதவர்கள் என்று ஒரு கூட்டமே இல்லாமல் செய்துவிட்டால், அந்த வேலைக்கு உண்மையான விலை என்ன என்று தெரிந்துவிடும்.

என் பதில் மூன்று அடுக்கு. மனிதன் கையும் மூச்சும் படாமல் இயந்திரத்தால் செய்யக்கூடியதை முதலில் இயந்திரத்திடம் கொடுத்துவிட வேண்டும். மலக்குழிக்குள் மனிதன் இறங்குவது எந்தச் சம்பளத்துக்கும் நியாயமாகாது. மிச்சமிருப்பதற்குக் குறைந்த நேரம், அதிக ஊதியம். அதற்கும் பிறகு மிச்சமிருந்தால் முறைவைத்து எல்லோரும் செய்ய வேண்டும், அமைச்சர் உட்பட. முறை வரும் என்று தெரிந்தால் அந்த வேலையைச் சுலபமாக்கும் கருவி விரைவில் கண்டுபிடிக்கப்படும்.

8. சந்தையா, அரசுத் திட்டமா? ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள்.

இரண்டு தரப்பிலும் மறுக்க முடியாத உண்மை ஒவ்வொன்று இருக்கிறது. விலை இல்லாமல் எந்தப் பொருளை எதற்குப் பயன்படுத்துவது லாபம் என்று கணக்கிடவே முடியாது என்று பொருளாதார அறிஞர் லுட்விக் வான் மீசஸ் 1920இல் வாதாடினார். இன்னொரு பொருளாதார அறிஞரான ஹாயெக் 1945இல் அதை இன்னும் கூர்மையாக்கினார். எங்கே எது பற்றாக்குறை என்ற அறிவு கோடிக்கணக்கான மனிதர்களிடம் சிதறிக் கிடக்கிறது; அதை ஒரு மேசைக்குக் கொண்டுவர யாராலும் முடியாது, விலை அந்தச் செய்தியைச் சுமந்து செல்கிறது என்றார். சோவியத் திட்டக் குழுவான கோஸ்பிளான் 1921இல் தொடங்கி 1991வரை இருந்தது. கனரகத் தொழிலைக் கட்டியெழுப்ப அதனால் முடிந்தது. கடை வரிசைகளை ஒழிக்க முடியவில்லை.

மறுபக்கம்: விலை சுமந்து செல்வது பணம் உள்ளவர்களின் தேவையை மட்டும்தான். கையில் காசில்லாதவரின் பசி சந்தையின் காதில் விழாது. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்திய சென் இதைத்தான் காட்டினார். லட்சக்கணக்கானவர்கள் செத்த அந்த ஆண்டில் உணவு ஒரேயடியாக அற்றுப்போய்விடவில்லை. போர்க்காலச் செலவால் அரிசி விலை ஏறியது. கூலித் தொழிலாளிகளின் சம்பளம் அதோடு ஏறவில்லை. அவர்களால் வாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பக்கம் நிற்கச் சொன்னீர்கள். உயிர்வாழத் தேவையானவை, அதாவது உணவு, நீர், மருத்துவம், கல்வி, தலைக்கு மேல் கூரை ஆகியவை, காசைப் பொறுத்து இருக்கக் கூடாது. அங்கே பொது ஏற்பாடு. மற்றதெல்லாம் சந்தைக்கு. செருப்பு என்ன நிறத்தில் வேண்டும் என்பதை ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

9. இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, எல்லாவற்றையும் கணினியே திட்டமிட்டால் என்ன?

சிலியில் சால்வதோர் அயெந்தே ஆட்சியில் இது முயலப்பட்டது. ஸ்டாஃபோர்டு பீர் என்ற பிரிட்டிஷ் நிபுணர் 1971இல் தொடங்கிய சைபர்சின் திட்டம், நாட்டின் தொழிற்சாலைகளைத் தொலைஅச்சு இயந்திரங்களால் தலைநகரத்தோடு இணைத்தது. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எங்கே சரக்கு இருக்கிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று அறிந்து இருக்கும் லாரிகளை ஓட்ட அந்த வலைப்பின்னல் உதவியது. 1973 செப்டம்பர் 11 ராணுவக் கவிழ்ப்போடு திட்டம் முடிந்துபோனது. முழுமையாகச் சோதித்துப் பார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

கணக்குப் போடும் வேகம் இன்று பிரச்சினை இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருத்துவமனை முதலா, பாலம் முதலா என்பது கணக்கு இல்லை. அதை மனிதர்கள்தான் வாதாடி முடிவெடுக்க வேண்டும். உள்ளே போகும் தகவல் பொய்யாக இருந்தால் எவ்வளவு வேகமான இயந்திரமும் பொய்யையே வேகமாகப் பெருக்கும். அது எவ்வளவு பயங்கரமாக முடியும் என்பதற்கு 11ஆம் கேள்வியைப் பாருங்கள்.

10. எல்லோருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடமாட்டார்களா?

செய்து பார்த்திருக்கிறார்கள். பின்லாந்து 2017, 2018 இரண்டு ஆண்டும், வேலையில்லாதவர்களில் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து மாதம் 560 யூரோ கொடுத்தது. வேலை கிடைத்தாலும் பணம் நிற்காது. முடிவில், பணம் வாங்கியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக வேலை செய்யவில்லை. சற்றே அதிகமாகச் செய்தார்கள். மனநிலையும் மற்றவர்களின் மீதான நம்பிக்கையும் கூடியிருந்தன. அலாஸ்காவில் எண்ணெய் வருமானத்தின் ஒரு பகுதியை 1976இல் ஒரு நிதியாக்கி, 1982 முதல் குடியிருப்போர் எல்லோருக்கும் ஆண்டுதோறும் பங்கு கொடுக்கிறார்கள். அங்கேயும் மக்கள் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை.

என் கவலை வேறு. பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பள்ளியையும் மருத்துவமனையையும் சந்தையிடம் தள்ளிவிடும் யோசனை அவ்வப்போது இதோடு ஒட்டிக்கொண்டு வரும். 8ஆம் பதிலில் சொன்ன பொது ஏற்பாடுகளுக்கு மேல் கொடுக்கும் பணம்தான் விடுதலை தரும். அவற்றுக்குப் பதிலாகக் கொடுப்பது தராது.

11. படித்தவர்கள், அறிவாளிகள் கையில் ஆட்சியைக் கொடுத்துவிட்டால் என்ன? எதற்கு இந்தத் தேர்தல் கூத்து?

பிளேட்டோ காலத்திலிருந்து இருக்கும் ஆசை இது. தத்துவ அறிஞர்கள் ஆள வேண்டும், காவலர்களுக்குச் சொத்தும் குடும்பமும் இருக்கக் கூடாது என்று அவர் வகுத்தார். ஆள்பவரின் அறிவை மட்டும் பார்க்கும் இந்த யோசனை, ஆள்பவருக்குத் தகவல் எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

1958இல் சீனா "மாபெரும் பாய்ச்சல்" திட்டத்தைத் தொடங்கியது. வட்டார அதிகாரிகள் மேலிடத்தை மகிழ்விக்க விளைச்சலைப் பல மடங்கு கூட்டிச் சொன்னார்கள். அந்தப் பொய்க் கணக்கின்படி அரசு தானியத்தைக் கொள்முதல் செய்தது. கிராமத்தில் சாப்பிடவே மிச்சமில்லை. உண்மை சொன்னவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 1959இல் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெகுவாய் குறைகளை எழுதிக் கொடுத்ததற்காகப் பதவி இழந்தார். கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் இறந்தார்கள். சுதந்திரமான பத்திரிகையும் எதிர்க்கட்சியும் உள்ள ஜனநாயக நாட்டில் பெரும் பஞ்சம் நேர்ந்ததில்லை என்று சென் சொல்வதன் பொருள், ஜனநாயகத்தில் ஆள்பவர் அறிவாளி என்பது இல்லை. அங்கே கெட்ட செய்தி மேலே போய்ச் சேர்கிறது. அதைக் கேட்காதவர் பதவியை இழக்கிறார். ஸ்வீடன் 1766இலேயே அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று சட்டம் போட்டது. எவ்வளவு பெரிய அறிவாளி ஆண்டாலும் அந்தச் சட்டம் வேண்டும்.

12. தேர்தலில் நிற்பதே பணக்காரர்களும் வாரிசுகளும்தான். வேறு வழியே இல்லையா?

குலுக்கல் ஒரு வழி. பழைய ஏதென்ஸில் ஐந்நூற்றுவர் அவைக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தார்கள். வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் யாரும் அதில் இருக்க முடியாது. பெண்களும் அடிமைகளும் அயலாரும் அதில் சேர்க்கப்படவில்லை என்பது அதன் பெரும் களங்கம். ஆனால் குலுக்கல் என்ற கருவி அந்தக் களங்கத்தோடு பிறந்தது என்பதற்காக நாம் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

அயர்லாந்து 2016இல் இதைக் கையில் எடுத்தது. பல்வேறு வயது, ஊர், வர்க்கத்தினரிலிருந்து தற்செயலாகத் தேர்ந்தெடுத்த 99 குடிமக்கள், ஒரு தலைவர். கருக்கலைப்புத் தடை பற்றி மருத்துவர்கள், சட்ட அறிஞர்கள், பாதிக்கப்பட்ட பெண்கள், எதிர்த்தரப்பினர் எல்லோரையும் வார இறுதிகளில் உட்கார்ந்து கேட்டார்கள். அரசியல்வாதிகள் பல்லாண்டாகத் தொடப் பயந்த விஷயம் அது. தடையை நீக்கலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 66 சதவீதம் பேர் ஆமோதித்தார்கள். என் கற்பனைச் சமுதாயத்தில் இரண்டு அவைகள்: ஒன்று தேர்தலில், மற்றொன்று குலுக்கலில்.

13. மக்களே முடிவெடுத்தா அது சரியாத்தான் இருக்கும்னு எப்படிச் சொல்ல முடியும்?

சொல்ல முடியாது. நேரடி ஜனநாயகத்துக்குப் பேர்போன சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971இல். 1959இல் இதே கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆண்கள் பெரும்பான்மையாக மறுத்துவிட்டார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில் திறந்தவெளியில் கூடிக் கையுயர்த்தி வாக்களிப்பது வழக்கம். 1990 ஏப்ரலில்கூட அங்கே கூடிய ஆண்கள் பெண்களுக்கு வாக்கில்லை என்றே கையுயர்த்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டுத்தான் உரிமை வந்தது.

ஆகவே பெரும்பான்மை தொடமுடியாத சில விஷயங்கள் இருக்க வேண்டும். என் பட்டியல் சிறியது: வாக்குரிமை, பேச்சுரிமை, உடல்மீதான உரிமை, விட்டு விலகும் உரிமை. கடைசியைப் பற்றி 17இல் சொல்கிறேன்.

14. பொருளாதாரம் சரியாகிவிட்டால் சாதி, இனவெறி, பெண்ணடிமைத்தனம் எல்லாம் தானாகப் போய்விடாதா?

போகாது. வாக்குரிமை வந்தாலும் போகாது. 1949 நவம்பர் 25 அன்று இந்திய அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான்: 1950 ஜனவரி 26 அன்று நாம் முரண்பாடுகளின் வாழ்க்கைக்குள் நுழையப்போகிறோம்; அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மை இருக்கும் என்றார். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது பின்னாலேயே வந்துவிடும் என்று நம்புபவர்கள் அந்த உரையை ஒரு முறை படிக்க வேண்டும்.

எதிர்த்திசையிலிருந்து ஒரு சான்று கிப்புட்ஸ். இன்றைய இஸ்ரேலில் உள்ள தெகானியாவில் 1910இல் தொடங்கிய இந்தக் கூட்டுக் குடியிருப்புகளில் தனிச்சொத்து இல்லை, கூலி வேறுபாடு இல்லை. பெண்களை வீட்டு வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னார்கள். பொதுச் சமையலறை வந்தது, குழந்தைகளுக்குத் தனி இல்லங்கள் வந்தன. சில ஆண்டுகளில் அந்தச் சமையலறையிலும் சலவைக்கூடத்திலும் குழந்தைகள் இல்லத்திலும் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். வயலிலும் நிர்வாகத்திலும் ஆண்கள். சொத்துமுறை மாறியது, சமைப்பது யார் வேலை என்ற எண்ணம் மாறவில்லை. பராமரிப்பு வேலையையும் 7ஆம் பதிலில் உள்ள முறைவைப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

15. அங்கே போலீஸ், ஜெயில், ராணுவம் உண்டா?

போலீஸ் உண்டு, சிறை மிகக் குறைவாக உண்டு. ராணுவம் இல்லாமலும் ஒரு நாடு இருக்கலாம்: கோஸ்டா ரிகா 1948இல் ராணுவத்தைக் கலைத்து, 1949 அரசியல் சாசனத்தில் அதை எழுதியும் வைத்தது. எல்லா நாட்டுக்கும் அது இன்றே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். காவல் துறையைப் பற்றிய புகாரை அதே துறை விசாரிக்கக் கூடாது. காரணம் வலென்சியா விதியிலேயே இருக்கிறது.

16. இதுவரை முயன்றவை எல்லாம் தோற்றுத்தானே போயின?

சில தோற்றன, சில நம் அன்றாட வாழ்க்கையாகவே ஆகிவிட்டதால் கண்ணில் படுவதில்லை. ராபர்ட் ஓவன் 1825இல் அமெரிக்காவின் இண்டியானாவில் நியூ ஹார்மனி என்ற ஊரையே விலைக்கு வாங்கி லட்சியக் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார், வந்தார்கள். பேச்சாளர்கள் நிறைய, கைத்தொழில் தெரிந்தவர்கள் குறைவு. ஓவன் பெரும்பாலும் ஊரில் இல்லை. சாசனத்தை மாற்றி மாற்றி எழுதினார்கள். 1827இல் கலைந்தது.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர், நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும், ஆளுக்கு ஒரு பவுண்டாகச் சேர்த்த 28 பவுண்டில் ஒரு கடை திறந்தார்கள். அவர்களில் ஓவனின் கருத்துகளில் ஊறியவர்களும் உண்டு. வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவத்தி: இவ்வளவுதான் சரக்கு. கலப்படம் இல்லை, எடை சரியாக இருக்கும். ஆளுக்கு ஒரு வாக்கு; எவ்வளவு வாங்கினாரோ அந்த அளவுக்கு லாபத்தில் பங்கு. உலகெங்கும் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் அந்தக் கடையின் விதிகளைத்தான் இன்றும் பின்பற்றுகின்றன. ஓவனிடம் பணம், புகழ், முழு ஊர் எல்லாம் இருந்தன. ராச்டேல்காரர்களிடம் கணக்குப் புத்தகமும் முறையான கூட்டங்களும் இருந்தன. தவறு சிறியதாக இருக்கும்போதே தெரிந்துவிடும்.

17. உங்கள் சமுதாயத்தில் சேர விருப்பமில்லாதவரை என்ன செய்வீர்கள்?

விட்டுவிட வேண்டும். லட்சியவாதிகள் மிருகமாகும் இடம் இதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒட்டுமொத்தத் தேசிய மகிழ்ச்சி என்ற அளவுகோலுக்காக உலகமே பூட்டானைப் பாராட்டுகிறது. காட்டைக் காத்ததும் இலவச மருத்துவம் தந்ததும் பாராட்டத்தக்கவைதான். அதே நாடு 1980களின் இறுதியில் ஒரே உடை, ஒரே பண்பாடு என்ற கொள்கையை நேபாளி மொழி பேசும் தன் தெற்குப் பகுதி மக்கள்மீது திணித்தது. பலரின் குடியுரிமையைப் பறித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேற நேர்ந்து, நேபாள முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். மகிழ்ச்சியை அளக்கும்போது யார் தலையை எண்ணுகிறோம் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

விலகும் உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. விலகுபவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு போக முடிய வேண்டும். வேறிடத்தில் வாழும் அளவுக்கு அவருக்குக் கல்வி கிடைத்திருக்க வேண்டும். வெறுங்கையோடுதான் போகலாம் என்றால் அது துரத்தல்.

18. இங்கிருந்து அங்கே எப்படிப் போவது? புரட்சி செய்யாமல் நடக்குமா?

கொடுங்கோலன் தேர்தலையும் பேச்சையும் அடைத்துவிட்ட இடத்தில் மக்கள் எழுவதை நான் குறை சொல்லமாட்டேன். மற்ற இடங்களில், திரும்பப் பெறக்கூடிய அடியை முதலில் எடுத்து வையுங்கள் என்பேன். ஒரு நகரத்தில் செய்து பாருங்கள், அளந்து பாருங்கள், பிறகு பரப்புங்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989இல் மாநகராட்சியின் முதலீட்டுச் செலவை எதற்கு ஒதுக்குவது என்று குடிமக்களே கூடி முடிவெடுக்கும் முறையைத் தொடங்கியது. ஏழைப் பகுதிகளுக்குக் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் முன்னுரிமை பெற்றன. பிறகு உலகின் எத்தனையோ நகரங்கள் அதை எடுத்துக்கொண்டன. யாரும் ரத்தம் சிந்தவில்லை.

மெதுவாகப் போனால் இன்று துன்பப்படுபவர் நாளைவரை காத்திருக்க வேண்டுமே என்ற எதிர்வாதம் வலுவானது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பசியும் சாவும் சம்பந்தப்பட்டவற்றில் சோதனை முயற்சி என்று இழுத்தடிக்கக் கூடாது என்பது மட்டும் உறுதி.

19. இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை அடுத்த தலைமுறை கலைத்துவிட்டால்?

கலைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான தாமஸ் ஜெபர்சன் 1789இல் ஜேம்ஸ் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூமி வாழ்பவர்களுக்கே உரியது, எந்தச் சாசனமும் 19 ஆண்டில் காலாவதியாக வேண்டும் என்று வாதாடினார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். எல்லாமே 19 ஆண்டில் காலாவதியாகும் என்றால், 13இல் சொன்ன நான்கு உரிமைகளையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வென்றாக வேண்டும். அவற்றை மட்டும் கெட்டியாக வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் தலைமுறைக்கு ஒரு முறை குலுக்கல் அவையின் முன்னால் வைக்கலாம். இன்று பிறக்காதவர்களுக்காகப் பேச ஒருவரையும் அந்த அவையில் உட்கார வைக்கலாம். வேல்ஸ் 2015இல் சட்டமியற்றி வருங்காலத் தலைமுறையினருக்கென ஓர் ஆணையரை நியமித்திருக்கிறது.

தலைமுறைக்கு ஒரு முறை கேட்பது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று அடுத்ததாகக் கேட்பார்கள். நியூயார்க் மாநிலத்தின் சாசனத்திலேயே, சாசனத்தை மறுபரிசீலனை செய்ய மாநாடு கூட்டலாமா என்று 20 ஆண்டுக்கு ஒரு முறை வாக்காளர்களைக் கேட்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. 2017இல் கேட்டார்கள், மக்கள் வேண்டாம் என்றார்கள். மீண்டும் 2037இல் கேட்பார்கள்.